மிஞ்சிய ஹாமில் பட்டாணிப் பருப்பு சூப்: எந்தப் பாத்திரத்தில் வைப்பது?

கிறிஸ்துமஸோ ஈஸ்டரோ முடிந்த மறுநாள், அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வீடுகளின் ஃபிரிட்ஜில் ஒரு ஹாம் எலும்பு கிடக்கும். ஹாம் என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை. சதையில் பெரும்பகுதி சாண்ட்விச்சுக்குப் போயிருக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தையும் எலும்பையும் தீர்க்க அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் கையாளும் வழி ஸ்பிளிட் பீ சூப். நம் பேச்சில் பட்டாணிப் பருப்பு சூப். டொராண்டோவிலும் நியூஜெர்சியிலும் விருந்து முடிந்து ஹாமோடு வீடு திரும்பும் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: குக்கரில் வைக்கலாமா, அடுப்பில் கொதிக்க விடலாமா, குறைந்த சூட்டில் மணிக்கணக்காகச் சமைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாமா?

எதில் வைத்தாலும் சூப் வரும். ஆனால் பருப்பு வேக ஒரு மணி நேரம் போதும். எலும்பின் சாறு முழுக்க இறங்கச் சாதாரணக் கொதியில் இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றாகப் போட்டால் ஏதாவது ஒன்று குறைபடும். சூப் தண்ணீராக நிற்பது, அடிப்பிடிப்பது, ஹாம் நாராகப் போவது போன்ற புகார்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

## முதலில் அளவு

கீழே சொல்லும் எல்லா முறைக்கும் இதுதான் அடிப்படை. ஆறு பேருக்கு வயிறு நிறையக் காணும்.

- பட்டாணிப் பருப்பு 450 கிராம் (அமெரிக்கக் கடையில் ஒரு பவுண்டு பாக்கெட்)
- சதை ஒட்டிய ஹாம் எலும்பு ஒன்று. தனியாக நறுக்கிய ஹாம் துண்டுகள் 250 கிராம்
- பெரிய வெங்காயம் 1, கேரட் 2, செலரித் தண்டு 2, பூண்டு 3 பல்
- பே இலை 1, காய்ந்த தைம் அரை டீஸ்பூன், மிளகுத்தூள்
- வெண்ணெய் அல்லது எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி
- தண்ணீர்: முறைக்கு முறை மாறும்
- உப்பு: இப்போதைக்கு எடுத்து வைக்கவே வேண்டாம்

பட்டாணிப் பருப்பை ஊறவைக்கத் தேவையில்லை. தோல் நீக்கி உடைத்தது என்பதால் தண்ணீர் நேராக உள்ளே போகும். பச்சையா மஞ்சளா என்பது பழக்கத்தைப் பொறுத்தது. அமெரிக்கர்களும் டச்சுக்காரர்களும் பச்சையில் வைப்பார்கள். சுவீடனிலும் கியூபெக்கிலும் மஞ்சள் பட்டாணி. பச்சையில் லேசான இனிப்பும் பசுமை வாசமும் இருக்கும், மஞ்சள் சற்று மந்தமான சுவை.

இந்தியக் கடையில் மஞ்சள் பட்டாணிப் பருப்பு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்து அடுக்கிலேயே கடலைப்பருப்பு இருக்கும், நிறமும் கிட்டத்தட்ட ஒன்றே. பட்டாணிப் பருப்பின் முதுகு வழவழவென்று சீரான அரைக்கோளமாக இருக்கும். கடலைப்பருப்பு கொஞ்சம் மேடுபள்ளமாக, ஒரு முனையில் சின்ன மூக்கோடு இருக்கும். மாற்றிப் போட்டால் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் முழுதாகக் கரையாது; பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும்.

பே இலையிலும் அதே குழப்பம் உண்டு. பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், வாசம் பட்டையைப் போல. ஐரோப்பிய பே இலையில் நடு நரம்பு ஒன்றுதான். இந்த சூப்புக்கு அதுதான் பொருந்தும். கிடைக்காவிட்டால் இலையே இல்லாமல் வைக்கலாம்.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

நேரம் ஒன்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். இன்னும் நான்கைப் பார்க்க வேண்டும்.

எலும்பிலிருந்து எவ்வளவு இறங்குகிறது? மூட்டுப் பகுதியிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டின் என்ற பசைப்பொருளாக மாறினால்தான் சூப் உதட்டில் ஒட்டும் அளவுக்குக் கனம் பெறும். இதற்கு நீண்ட நேரமோ அதிக அழுத்தமோ வேண்டும்.

பருப்பு எவ்வளவு கரைகிறது? பாதி கரைந்து பாதி உரு தெரிந்தால் நல்ல பதம்.

உப்பு நம் கையில் இருக்கிறதா? ஹாம் உப்பில் ஊறிய இறைச்சி. எலும்பு எவ்வளவு உப்பை விடும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. சமைக்கும்போது ருசி பார்க்க வழியில்லாத முறையில் இது சூதாட்டம்.

உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி? இதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரில் உள்ள பெக்டின் என்ற ஒட்டுப்பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். ஒன்டாரியோவின் கிச்சனர், வாட்டர்லூ போன்ற நிலத்தடி நீர் ஊர்களில் இதனாலேயே சூப் கரையாமல் மணல் மணலாக நிற்கும். உயரமான ஊர்களிலும் சிக்கல் உண்டு: டென்வரில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கால்கரியிலும் நூறைத் தொடாது.

## பாத்திரத்துக்கு முன் ஹாமைப் பாருங்கள்

மூன்று நிலைமைகள் இருக்கலாம்.

எலும்பு இருந்தால் சூப்புக்கு அதுதான் உயிர். ஆனால் கடையில் விற்கும் ஸ்பைரல் ஹாம் (எலும்பைச் சுற்றிச் சுருளாகச் சீவி வைத்தது) பெரும்பாலும் தேன் அல்லது பழுப்புச் சர்க்கரை பூசியது. அந்தப் பூச்சோடு எலும்பைப் போட்டால் சூப் தித்திக்கும், அதைச் சரிசெய்யவும் வழி கிடையாது. பூச்சுள்ள தோலை வெட்டி எறிந்துவிட்டு, எலும்பை வெந்நீரில் ஒருமுறை அலசுங்கள். கிராம்பு குத்தியிருந்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுங்கள். ஒரு முழுக் கிராம்பு பருப்புக்குள் போய்விட்டால் யாரோ ஒருவர் வாயில் அது கண்டிப்பாக அகப்படும்.

எலும்பு போய் துண்டுகள் மட்டும் மிஞ்சியிருந்தால், புகையூட்டிய ஹாம் ஹாக் ஒன்று தனியாக வாங்குங்கள். அது பன்றியின் கணுக்கால் மூட்டு; தோலும் நரம்பும் நிறைந்தது, விலையும் குறைவு. சொல்லப்போனால் விருந்தில் மிஞ்சும் தொடை எலும்பைவிட இதில்தான் ஜெலட்டின் அதிகம் இறங்கும். அதையும் வாங்க முடியாதென்றால் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் சமைப்பதில் பொருளே இல்லை. ஹாம் ஏற்கெனவே வெந்தது. மூன்று மணி நேரம் கொதித்தால் சுவையெல்லாம் தண்ணீருக்குப் போய், வாயில் நார்தான் மிஞ்சும்.

வர்ஜீனியா பக்கத்து கன்ட்ரி ஹாம் மிஞ்சியிருந்தால் கணக்கே வேறு. அது உலர் உப்பில் மாதக்கணக்கில் கிடந்தது. எலும்பை ஒரு இரவு தண்ணீரில் போட்டு, நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்க வேளாண்துறையின் அறிவுரைப்படி, சமைத்து மிஞ்சிய ஹாம் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள்தான் தாங்கும். அதற்குள் சூப் வைக்க முடியாவிட்டால் எலும்பைச் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். ஓரிரு மாதம்வரை சுவை குறையாது.

## நான்கு வழிகள், ஒரே பார்வையில்

| | அடுப்பில் கனமான பாத்திரம் | பிரஷர் குக்கர் | ஸ்லோ குக்கர் | இரண்டு கட்டம் (எலும்பு முதலில், பருப்பு பிறகு) |
|---|---|---|---|---|
| மொத்த நேரம் | இரண்டு முதல் இரண்டரை மணி | ஒரு மணி, கொஞ்சம் கூடலாம் | லோவில் 8 மணி, ஹையில் 4–5 மணி | மூன்று மணி. இரண்டு நாளில் பிரிக்கலாம் |
| பக்கத்தில் நிற்பது | கடைசி அரை மணி நேரம் கட்டாயம் | 15 நிமிடம் | 10 நிமிடம் | அரை மணி நேரம் |
| தண்ணீர் | 8 கப் (1.9 லிட்டர்) | 6 கப் (1.4 லிட்டர்) | 6½ கப் | 9 கப் |
| எலும்புச் சாறு | நன்று | சுமார் | நன்று | மிக நன்று |
| பருப்பின் பதம் | கையில் இருக்கும் | முழுக்கக் கரையும் | தண்ணீரைப் பொறுத்தது | கையில் இருக்கும் |
| உப்பு | இடையில் பார்க்கலாம் | திறந்த பிறகே தெரியும் | கடைசியில்தான் தெரியும் | பருப்பு போடும் முன்பே தெரியும் |
| முக்கிய ஆபத்து | அடிப்பிடித்தல் | நுரை அடைத்தல் | வேகாத பருப்பு | கழுவ இரண்டு பாத்திரம் |

## அடுப்பில், கனமான பாத்திரத்தில்

டச்சு அவன் எனப்படும் மூடியோடு கூடிய கனமான வார்ப்பிரும்புப் பாத்திரம் இருந்தால் அது. இல்லாவிட்டால் அடி கனமான எந்த ஐந்து லிட்டர் பாத்திரமும் சரி. மெல்லிய எவர்சில்வர் பாத்திரம் இதற்கு ஆகாது.

வெண்ணெயில் வெங்காயம், கேரட், செலரியை எட்டு நிமிடம் வதக்கிப் பூண்டைச் சேர்க்கவும். பிறகு எலும்பு, பே இலை, தைம், எட்டு கப் தண்ணீர். பருப்பை இப்போது போடாதீர்கள். எலும்பு மட்டும் மூடி ஒருக்களித்த நிலையில் ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். அதன் பிறகு கழுவிய பருப்பு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடச் சொல்லும் குறிப்புகள்தான் அதிகம். அப்படிப் போட்டால் பருப்பு கரைந்து கெட்டியான பிறகும் எலும்புக்காக அடுப்பை எரிக்க வேண்டியிருக்கும், அடிப்பிடிப்பதும் அந்த நேரத்தில்தான்.

பருப்பு போட்ட முதல் பத்து நிமிடத்தில் சாம்பல் கலந்த பச்சை நுரை கிளம்பும். கரண்டியால் எடுத்துவிடுங்கள், எடுக்காவிட்டால் பொங்கி வழியும். அடுப்பைக் குறைத்து, மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி உடையும் அளவில் வையுங்கள். நாற்பதாவது நிமிடத்தில் பருப்பின் ஓரம் கரையத் தொடங்கும். அங்கிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டையான கட்டைக் கரண்டியால் அடியைத் தொட்டுக் கிளற வேண்டும். மாவுச்சத்து அடியில் படிந்து, அதன் மேல் கெட்டியான சூப் நகராமல் நிற்கும். சூடு மேலே ஏற வழியில்லாமல் அடி கருகும்.

கருகல் வாசம் வந்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேல் சூப்பை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் தப்பித்துவிடும். அடியைச் சுரண்டிக் கலந்துவிட்டால் எந்த மசாலாவாலும் அந்த வாசத்தை மறைக்க முடியாது.

ஒரு மணி நேரத்தில் பருப்பு வெந்திருக்கும். எலும்பை எடுத்து, ஆறியதும் சதையை உதிர்த்து, நறுக்கிய ஹாம் துண்டுகளோடு சேர்த்துப் போட்டு கடைசிப் பதினைந்து நிமிடம் விடவும்.

இதன் மறைவான செலவு நம் மாலை நேரம். விடுமுறை நாளில், பக்கத்து மேசையில் வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்ய உகந்தது. எட்டு, பத்து பேருக்கு அளவைப் பெருக்க வேண்டுமானாலும் இதுதான் சரி, ஏனென்றால் குக்கரில் பெருக்க முடியாது. கால்கரி, டென்வர் பக்கம் இருப்பவர்கள் மட்டும் பருப்புக்கு இன்னும் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

## பிரஷர் குக்கரில்

நம்மவர்கள் கை முதலில் போவது இங்கேதான். பருப்பு வேகவைக்கத் தெரியாதா நமக்கு என்ற தெம்பு. துவரம்பருப்பு வேகவைக்கும் அதே தெம்பில் இதை வைத்தால்தான் வம்பு, பட்டாணிப் பருப்பு நுரைப்பது அதிகம். நுரையோடு பருப்புத் துணுக்கும் மேலேறி ஆவி போகும் குழாயை அடைத்துக்கொள்ளும்.

அதனால் குக்கரில் பாதிக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது, எலும்பும் சேர்த்துத்தான் பாதி. ஆறு குவார்ட் மின்சாரக் குக்கரின் மொத்தக் கொள்ளளவு 5.7 லிட்டர். 450 கிராம் பருப்பு, ஆறு கப் தண்ணீர், காய்கறி எல்லாம் சேர்ந்தாலே கிட்டத்தட்டப் பாதிக் கோட்டைத் தொட்டுவிடும். பெரிய எலும்பு இருந்தால் பருப்பை 350 கிராமாகவும் தண்ணீரை ஐந்து கப்பாகவும் குறைத்துவிடுங்கள். ஐந்து லிட்டர் விசில் குக்கரில் 300 கிராமுக்கு மேல் போகாதீர்கள். எலும்பு நீளமாக இருந்தால் மூட்டில் கத்தி விட்டுப் பிரிக்கலாம். நடு எலும்பை உடைக்கப் போனால் சில்லு சூப்பில் கிடக்கும்.

மின்சாரக் குக்கரில்: காய்கறியை அதிலேயே வதக்கிய பிறகு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடியில் ஒட்டியதைச் சுத்தமாகச் சுரண்டி விடவும். இதைச் செய்யாததால்தான் பலருக்கு ‘பர்ன்’ என்ற எச்சரிக்கை வருகிறது. பருப்பு, எலும்பு, மீதித் தண்ணீர், நுரையை அடக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய். உயர் அழுத்தத்தில் பதினைந்து நிமிடம். அழுத்தம் தானாக இறங்க இருபது நிமிடம் விடவும். வால்வைத் திறந்து ஆவியை வேகமாக விட்டால் பச்சைக் குழம்பு சுவர்வரை பீய்ச்சும், வால்வையும் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும்.

விசில் குக்கரில் விசிலை எண்ணாதீர்கள். ஒவ்வொரு விசிலும் நுரையை மேலே இழுக்கும். மூடும் முன் ஆவிக்குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். மூடியில்லாமல் கொதிக்கவிட்டு நுரையை எடுத்த பிறகு மூடி, முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துப் பன்னிரண்டு நிமிடம். பிறகு அணைத்துவிட்டுத் தானாக இறங்கும்வரை தொடாதீர்கள்.

எலும்பில்லாமல் துண்டுகள் மட்டும் இருப்பவர்களுக்கு நம் வீட்டு வழக்கமே கைகொடுக்கும். குக்கருக்குள் தண்ணீர் ஊற்றி, உள்பாத்திரத்தில் 200 கிராம் பருப்பும் மூன்று கப் தண்ணீரும் வைத்துத் தட்டால் மூடி வேகவைக்கலாம். உள்பாத்திரம் பாதிதான் நிறைய வேண்டும். நுரை ஆவிக்குழாய்க்குப் போகாது, அடியும் பிடிக்காது. நேரம் மட்டும் இருபது நிமிடமாகக் கூடும். வெந்ததை வதக்கிய காய்கறியோடு கலந்து, ஹாம் துண்டுகளைப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் வேலை நாள் இரவுச் சாப்பாடு தயார்.

திறந்தவுடன் சூப் தண்ணீராகத் தெரியும். பயந்து இன்னும் பருப்பு சேர்க்க வேண்டாம். நன்றாகக் கலக்கிப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள், கெட்டியாகிவிடும்.

குறிப்புகளில் “பதினைந்து நிமிட சூப்” என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். சூடேற இருபது, வேகப் பதினைந்து, இறங்க இருபது, பிறகு சதை உதிர்க்கப் பத்து. ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக முடியாது. இன்னொன்று, பதினைந்து நிமிட அழுத்தத்தில் எலும்பு பாதிதான் கொடுக்கும். அதற்காக நேரத்தைக் கூட்டினால் கேரட்டும் பருப்பும் கூழாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு, கடினநீர் ஊரிலும் மலையூரிலும் குக்கருக்கு நிகரில்லை. அழுத்தம் தண்ணீரின் கொதிநிலையை நூறுக்கு மேல் தள்ளிவிடுவதால், திறந்த பாத்திரத்தில் முரண்டு பிடிக்கும் பழைய பருப்பும் இதில் மசியும்.

## ஸ்லோ குக்கரில்

காலையில் போட்டு மாலையில் எடுப்பது என்ற ஒரே காரணத்துக்காக வாங்குவது இது. அந்த ஒரு வேலையைச் சரியாகவே செய்யும், தண்ணீர் மென்மையாகவும் பருப்பு புதியதாகவும் இருக்கும்வரை.

ஆவி அதிகம் வெளியேறாததால் தண்ணீர் ஆறரை கப் போதும். பருப்பு அடியில், அதன் மேல் காய்கறி, எலும்பு மேலே. எல்லாம் தண்ணீரில் மூழ்க வேண்டும். சூடான தண்ணீர் ஊற்றினால் ஒரு மணி நேரம் முன்னதாக வேலையைத் தொடங்கும். லோவில் எட்டு மணி, ஹையில் நான்கு முதல் ஐந்து மணி. நடுவில் மூடியைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் இருபது முப்பது நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த எலும்பை அப்படியே போடாதீர்கள். கிருமி பெருகும் 4 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் கிடந்துவிடும். முந்தின இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றிக் கரைய விடுங்கள்.

நறுக்கிய ஹாமைக் காலையிலேயே போடும் தவறு இங்கே சகஜம். எட்டு மணி நேரம் கழித்து அது அட்டைத் துண்டு. வீட்டுக்கு வந்த பிறகு சேர்த்து அரை மணி நேரம் ஹையில் வையுங்கள்.

வதக்காமல் போட்ட வெங்காயத்தின் பச்சை வாசம் எட்டு மணி நேரத்திலும் முழுக்கப் போகாது. வதக்கிப் போட்டால் காலையில் ஒரு சட்டி கழுவும் வேலை சேர்ந்துவிடும். அப்புறம் இதில் என்ன சௌகரியம் என்று கேட்டால் பதில் இல்லை.

எட்டு மணி நேரம் கழித்தும் பருப்பு கடிபட்டால், பழைய பருப்பு, கடினநீர், தக்காளியோ எலுமிச்சையோ முன்கூட்டியே போட்டது என்று மூன்றில் ஒன்றுதான் காரணம். புளிப்பு பருப்பை வேகவிடாது. சாம்பாரில் பருப்பு வெந்த பிறகே புளி ஊற்றுவது இதனால்தான். கடினநீர் என்றால் கால் டீஸ்பூனுக்கும் குறைவாக ஆப்பசோடா சேர்க்கலாம். கூடினால் சோப்பு வாடை வரும். உப்பு முதலில் போட்டால் பருப்பு வேகாது என்பது மட்டும் உண்மையில்லை. இந்த சூப்பில் உப்பைத் தள்ளிப்போடுவது ஹாமின் உப்பு தெரியாததால்தான்.

மின்செலவு பற்றியும் ஒரு சொல். லோவில் 200 வாட்டை ஒட்டி எடுக்கும் ஸ்லோ குக்கர் எட்டு மணி நேரத்தில் ஒன்றரை யூனிட்டைத் தாண்டும். ஆயிரம் வாட் மின்சாரக் குக்கர் சூடேறும்போதுதான் முழுதாக இழுக்கும், மொத்தத்தில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

யாருக்கு இது? நாள் முழுக்க வெளியே இருப்பவர்களுக்கு, அல்லது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் அலுவலகப் பாட்லக் விருந்துக்குச் சூடாகவே தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்களுக்கு. மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## இரண்டு கட்டமாக

எலும்புக்கும் பருப்புக்கும் நேரம் ஒத்துவராது என்றால் இரண்டையும் பிரித்துவிட வேண்டியதுதான்.

எலும்பு, பாதி வெங்காயம், பே இலை, ஒன்பது கப் தண்ணீர் மட்டும் குக்கரில், உயர் அழுத்தத்தில் நாற்பத்தைந்து நிமிடம். பருப்பு இல்லாததால் நுரைப் பயமில்லை. மூன்றில் இரண்டு பங்குவரை நிரப்பலாம். எலும்புக்கு அழுத்தம் தேவை, அது கிடைத்துவிட்டது. வடிகட்டி, எலும்பில் ஒட்டிய சதையை உதிர்த்து எடுத்து வையுங்கள். இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே வெள்ளையாக உறையும், மறுநாள் ஒரே கரண்டியில் எடுத்துவிடலாம். நல்ல எலும்பாக இருந்தால் கீழே சாறு கட்டியாக ஆடும்.

இப்போது அந்தச் சாற்றைச் சூடாக்கி ஒரு கரண்டி ருசி பாருங்கள். இந்த முறையின் முழு லாபமும் இந்த ஒரு கரண்டியில்தான் இருக்கிறது. உப்பு உறைத்தால் இரண்டு கப் சாற்றை எடுத்து வைத்துவிட்டு அந்த அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றலாம். பருப்பு கலந்த பிறகு இந்த வசதி கிடையாது. அப்போது உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சும் என்பார்கள். அது சூப்பை உறிஞ்சும், உப்பைத் தனியாக உறிஞ்சாது. உப்பு கூடிய சூப்புக்கு உள்ள வழி, இன்னும் கொஞ்சம் பருப்பை வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கலப்பதுதான்.

பிறகு கனமான பாத்திரத்தில் காய்கறியை வதக்கி, பருப்பும் எட்டு கப் சாறும் சேர்த்து ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம். கடைசிக் கால் மணியில் ஹாம். அடிப்பிடிக்கும் ஆபத்து இங்கும் உண்டு, ஆனால் எலும்பு குறுக்கே கிடக்காததால் அடிவரை கிளற முடியும். கடினநீர் ஊர்க்காரர்கள் இந்த இரண்டாம் கட்டத்தையும் குக்கரிலேயே, பாதிக்கோட்டுக்குள் அளவைக் குறைத்துச் செய்துவிடலாம்.

எலும்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இதுதான் என் பரிந்துரை. சாற்றை மட்டும் ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. சூப்பாக வைத்தால் ஆறு டப்பா இடம் பிடிக்கும், சாறாக வற்றவைத்தால் இரண்டு டப்பாதான். எலும்பே இல்லாதவர்களுக்கு இந்தச் சுற்று வீண், உள்பாத்திர முறையே போதும்.

## எந்த முறையானாலும்

வழுவழுவென்று வேண்டுமானால் எலும்பும் இலையும் எடுத்த பிறகு, ஹாம் சேர்க்கும் முன், கைப்பிளெண்டரால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடியுங்கள். முழுதும் அடித்தால் பசை. மிளகும் சில சொட்டு வினிகரும் கடைசியில். பருப்பு வெந்துவிட்டதால் இப்போது புளிப்பால் கெடுதல் இல்லை, கொழுப்பின் கனத்தைக் குறைக்கும். சுவீடனில் கடுகுச் சாந்து தொட்டுக்கொள்வார்கள், அதுவும் நன்றாகவே இருக்கும். மஞ்சள்தூள், சீரகத் தாளிப்புக்குக் கை பரபரக்கும். போட்டால் கெடாது, ஆனால் புகைவாசம் அதில் அமுங்கிவிடும். ஹாம் வாங்கிய காசு வீண்.

பெரிய பாத்திரத்தோடு அடுப்பின் மேலேயே ஆறவிடாதீர்கள். கெட்டியான சூப் உள்ளே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். ஃப்ரீசரில் என்றால் மூன்று மாதம், உருளைக்கிழங்கு போட்டிருந்தால் மட்டும் உருகியபின் மாவு மாவாகத் திரியும்.

மறுநாள் திறந்தால் கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகியிருக்கும். டச்சுக்காரர்களுக்கு அப்படி நிற்பதுதான் நல்ல சூப்பின் அடையாளம். நமக்கு அவ்வளவு வேண்டாமென்றால் ஒரு கப்புக்குக் கால் கப் வெந்நீர் ஊற்றி, சிறுதீயில் கிளறிக்கொண்டே 74 டிகிரிவரை சூடாக்குங்கள். உப்பைத் தண்ணீர் சேர்த்த பிறகே பாருங்கள்.